லாரி கிளம்பும் முன்: வீட்டுச் சாமான்களும் அரசு அலுவலகங்களும்

பாலசமுத்திரத்தில் வீடு கட்டத் தொடங்குகிறவருக்குப் பொதுவாக இரண்டு அலுவலகங்கள்தான் நினைவில் இருக்கும். பிளான் அப்ரூவலுக்குப் பேரூராட்சி, கரண்டுக்கு மின்வாரியம். அனுமதித் தாள் கைக்கு வந்ததும் அரசாங்க வேலை முடிந்தது, இனி மேஸ்திரி பார்த்துக்கொள்வார் என்று மனது லேசாகிவிடும். உண்மையில் அரசு அலுவலகங்களோடு நமக்கு அதிக வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது. ஜல்லி எந்த வழியாக வரும், எங்கே கொட்டப்படும், எவ்வளவு எடையில் வரும், அதற்குச் சீட்டு உண்டா, இடித்த கல்லும் மண்ணும் எங்கே போகும் என்ற ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லும் அதிகாரி ஒருவர் இருக்கிறார். லாரி தெருவில் வந்து நின்றபின் அவரைத் தேடுவதால்தான் தகராறும் செலவும் வருகின்றன.

முதலில் அளவைப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு மேஸ்திரிகள் போடும் மனக்கணக்கு இது: சிமென்ட் 400 மூட்டை, கம்பி 4 டன், மணலும் ஜல்லியும் சேர்த்து 30 யூனிட் சுமார். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எம்-சாண்டோ ஜல்லியோ ஒரு யூனிட் சுமார் நாலரை டன் வரும். சிமென்ட் மட்டும் 20 டன். இதோடு செங்கல், கடைக்கால் கல், பேஸ்மட்டம் நிரப்பும் கிராவல் எல்லாம் சேர்ந்தால் 200 டன்னைத் தாராளமாகத் தாண்டிவிடும். டூவீலரும் சைக்கிளும் ஆட்டோவும் போவதற்குப் போட்ட தெருவில், அடியில் குடிநீர்க் குழாயும் ஓரத்தில் சாக்கடையும் உள்ள தெருவில், ஆறேழு மாதத்தில் உங்களுக்காக மட்டும் இவ்வளவு எடை உருளப்போகிறது. உங்கள் வீட்டு வேலை தெருவுக்கும் சொந்தமாவது இதனால்தான்.

பேரூராட்சியிடம் கேட்க வேண்டியவை

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர், இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் அனுமதி உடனே கிடைக்கிறது. மக்களுக்கு இது நல்ல ஏற்பாடு. அலைச்சலும் காத்திருப்பும் குறைந்தன. ஆனால் முன்பு மனையைப் பார்க்க ஓர் ஊழியர் வருவார். வந்த இடத்தில், "மணலை எங்கீங்க கொட்டுவீங்க?" என்று ஒரு வார்த்தையாவது கேட்பார். அந்தச் சந்திப்பு இப்போது இல்லை. அனுமதி தரும் கணினி மனையின் அளவைத்தான் கேட்கிறது. தெருவின் அகலத்தில் பாதியை ஜல்லி அடைக்குமா என்று கேட்பதில்லை. ஆகவே அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நாமேதான் செயல் அலுவலரிடம் போக வேண்டும்.

தெரு பேரூராட்சியின் பொறுப்பில் இருப்பது. நம் வாசலுக்கு நேரே இருப்பதால் அது நம்முடையதாகிவிடாது. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998-ம் அதன்கீழ் வந்த விதிகளும் 2023 ஏப்ரல் 13 முதல் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் பொதுவாக நடைமுறையில் உள்ளன. தெருவில் பொருளைக் குவிப்பது, பள்ளம் தோண்டுவது, சாரத்தைத் தெருப்பக்கம் நீட்டுவது ஆகியவற்றைச் செயல் அலுவலரின் அனுமதியோடுதான் செய்ய வேண்டும். அதையும் மீறிப் பாதையை மறித்தால் விஷயம் காவல் நிலையத்துக்குப் போகலாம். பொதுவழியை மறிப்பதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ம் பிரிவு 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. மறிப்பை அகற்றச் சொல்லி உத்தரவிட நிர்வாக நடுவரான வருவாய் அதிகாரிக்கும் அதிகாரம் உண்டு. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. பக்கத்து வீட்டில் பிரசவ வலி எடுத்த பெண்ணை ஏற்றப் போகும் 108 வண்டி உங்கள் ஜல்லிக் குவியலால் முக்கில் நின்றால், எந்தப் பிரிவு, எவ்வளவு அபராதம் என்பதெல்லாம் சின்ன விஷயமாகிவிடும்.

அனுமதியை வாயால் கேட்டு, வாயால் பதில் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மாதிரிக்கு ஒன்று:

பெறுநர்: செயல் அலுவலர், பாலசமுத்திரம் பேரூராட்சி, பழனி வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

ஐயா / அம்மா, … வார்டு, … தெருவில் … எண் மனையில் வீடு கட்ட … தேதியில் அனுமதி பெற்றுள்ளேன். … முதல் … வரை கட்டுமானப் பொருட்கள் வரும். மனைக்குள் இடம் போதாததால் தெருவின் … பக்கம் … அடி நீளம், … அடி அகலத்தில் … நாட்கள் மட்டும் பொருட்களை வைக்க அனுமதி கோருகிறேன். மீதி அகலத்தை வண்டி போகத் திறந்து வைப்பேன். சாக்கடை வாயையும் குடிநீர் வால்வையும் மூட மாட்டேன். இந்தத் தெருவிலும் வழியிலுள்ள சிறுபாலங்களிலும் கனரக வண்டி வரலாமா என்பதையும், கட்டட இடிபாடுகளைக் கொட்டப் பேரூராட்சி ஒதுக்கியுள்ள இடத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இதில் கடைசி வாக்கியம்தான் உயிர். அதைக் கேட்டுவிட்டால் பதில் சொல்லும் கடமை அலுவலகத்துக்கு வந்துவிடுகிறது. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு அதே கேள்வியைத் திரும்ப அனுப்பலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். திங்கட்கிழமைகளில் திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டமும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிராது. முன்கூட்டியே எழுதிக் கேட்கிறவரைப் பேரூராட்சி ஊழியர்கள் மரியாதையோடுதான் நடத்துகிறார்கள்.

அலுவலகத்துக்குச் சொன்னதைத் தெருவுக்கும் சொல்லுங்கள். "அக்கா, நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஜல்லி வருதுங்க. வண்டியை மட்டும் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கங்க" என்று முந்தின நாளே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாதிப் புகார்கள் எழாமலே போகும்.

சீட்டு இல்லாத லோடு வேண்டாம்

கல், ஜல்லி, எம்-சாண்டு, கிராவல், சாதாரண மண் எல்லாமே சட்டத்தின் கண்ணில் சிறுகனிமங்கள். கட்டடத்துக்கு நிரப்பும் வெறும் மண்ணைக்கூட மத்திய அரசு 2000-ல் அந்தப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே இவை ரோட்டில் நகரும்போது கூடவே ஒரு சீட்டும் நகர வேண்டும். அதைத் தருவதும் கண்காணிப்பதும் திண்டுக்கல்லில் ஆட்சியரின்கீழ் இயங்கும் புவியியல் மற்றும் சுரங்கத் துறை. குவாரி உரிமம் உள்ளவரும் கிரஷர் நடத்துகிறவரும் ஒவ்வொரு லோடுக்கும் நடைச்சீட்டு போட்டுத்தான் அனுப்ப வேண்டும். 2011-ல் வந்த விதிகள் கனிமத்தை இருப்பு வைப்பதையும் ஏற்றிப் போவதையும் ஒழுங்குபடுத்துகின்றன.

வாங்குகிற நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். சீட்டில் வண்டி எண், எங்கிருந்து எங்கே, எவ்வளவு, எந்தத் தேதி என்பது இருக்கும். சீட்டில்லாத வண்டியை வருவாய்த் துறையோ காவல் துறையோ சுரங்கத் துறையோ வழியில் பிடித்தால், 1957-ம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின்படி வண்டியோடு சரக்கும் பறிமுதலாகும். நீங்கள் கொடுத்த முன்பணம் திரும்ப வருமா என்பது கடைக்காரரின் மனதைப் பொறுத்தது. மறுநாள் கான்கிரீட்டுக்கு ஆள் சொல்லிவைத்திருந்தால் அந்தக் கூலியும் உங்கள் தலையில். லோடு இறக்கும் முன், "அண்ணே, சீட்டைக் கொஞ்சம் காட்டுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்று கேளுங்கள். முறையாக வருகிற ஓட்டுநர் தயங்க மாட்டார்.

சீட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. அது எந்தக் கிரஷரிலிருந்து வந்த சரக்கு என்று சொல்லும். கிரஷர் தூசியை எம்-சாண்டு என்று கொட்டிவிட்டுப் போகும் ஏமாற்று பல ஊர்களில் நடக்கிறது. தமிழக அரசு 2023-ல் செயற்கை மணலுக்கென்று தனிக் கொள்கையை வெளியிட்டது. தரச்சோதனை செய்து எம்-சாண்டு ஆலைகளுக்கு ஒப்புதல் தருவது பொதுப்பணித் துறை. உங்கள் லோடு வந்த கிரஷருக்கு அந்த ஒப்புதல் உண்டா என்று சரிபார்க்கச் சீட்டில் உள்ள பெயர் உதவும். அது இல்லாமல் தூசி மணலில் பூசிய சுவர் வெடித்தால் யாரைக் கேட்பீர்கள்?

ஆற்று மணலைப் பற்றி ஒரே வார்த்தை: அதை எடுப்பதும் விற்பதும் 2003 முதல் அரசின் கையில் இருக்கிறது. சண்முகநதியிலோ அதன் துணையாறுகளிலோ இரவில் அள்ளிய மணலை வாசலில் விடிகாலையில் கொண்டுவந்து மலிவாகக் கொடுப்பதாக யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பாலாறு பொருந்தலாறு அணையை நம்பி வயல் வைத்திருக்கும் ஊர் இது. ஆற்றின் அடி தோண்டப்பட்டால் நம் கிணற்றில்தான் தண்ணீர் இறங்கும்.

குளத்து வண்டலைப் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-ல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. அந்தச் சலுகை விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் மட்டும். பேஸ்மட்டம் நிரப்ப அந்த அனுமதியில் மண் அடிப்பது தவறு. விவசாயி பெயரில் சீட்டு வாங்கி உங்கள் மனையில் கொட்டுவதாகச் சொல்கிறவரிடம் சிக்கிக்கொள்ளாதீர்கள். அதேபோல, உங்கள் மனையில் கடைக்கால் தோண்டிய மண் மிஞ்சினால், அதை வெளியே விற்கும் முன்பும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலையைப் பார்த்துப் பதறி முன்கூட்டியே குவிப்பதும் நடக்கிறது. கனிம நிலங்களுக்கான புதிய வரி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஜல்லி, எம்-சாண்டு விலை ஏறியது. குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசோடு பேச்சுவார்த்தை நடந்த பிறகே அது ஓய்ந்தது. அப்படிப்பட்ட சமயத்தில் மூன்று மாதச் சரக்கை வாங்கித் தெருவில் கொட்டி வைக்கத் தோன்றும். சேமித்த பணத்தை மழை கரைக்கும், மிச்சத்தை மாடும் நாயும் கலைக்கும். மனைக்குள் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு வாங்குங்கள்.

எடை, டிராக்டர், கம்பி

பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை, வண்டியும் சரக்கும் சேர்ந்து, 28.5 டன்னுக்குள் இருக்க வேண்டும் என்று 2018-ல் மத்திய அரசு உயர்த்தி வரையறுத்தது. வண்டியின் எடையே பத்து டன்னுக்கு மேல். மிஞ்சுவது மூன்றரையிலிருந்து நாலு யூனிட்டுக்கு இடம். "அஞ்சு யூனிட் ஒரே டிரிப்பில் போட்டுடறேன், வாடகை மிச்சம்" என்று யாராவது சொன்னால் அது மிகைச் சுமை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஓட்டுகிறவருக்கு மட்டுமின்றி, ஓட்டச் சொன்னவருக்கும் சட்டம் பொருந்தும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் பிடிக்காவிட்டாலும் தெரு பிடித்துவிடும்: சாக்கடை மேல் போட்ட பலகைக் கல் முதலில் உடையும், பிறகு குடிநீர்க் குழாய்.

குறுகிய தெருவாக இருந்தால், பெரிய லாரியை மெயின் ரோட்டோரத்தில் நிறுத்தி, சரக்கைச் சிறு வண்டியில் மாற்றிக்கொண்டுவருவது நல்லது. இங்கே டிராக்டர் டிரெய்லர்தான் கைக்கு எட்டும். ஆனால் விவசாயத்துக்கென்று பதிவு செய்த டிராக்டரை வாடகைக்குச் செங்கல் அடிக்கப் பயன்படுத்துவது விதிமீறல். விபத்து நடந்தால் காப்பீடும் கிடைக்காமல் போகலாம். வணிகப் பதிவு உள்ள டிராக்டரையோ சிறிய டிப்பரையோ கேட்டு அமர்த்துங்கள். மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் இருந்தால், அதன் ஓரத்தில் சரக்கு இறக்கப் பேரூராட்சி அனுமதி செல்லாது. அதற்கு அத்துறையின் பழனி அலுவலகத்தைக் கேட்க வேண்டும்.

மின்கம்பிக்கு வருவோம். இது உயிர் சம்பந்தப்பட்டது. டிப்பர் பெட்டியைத் தூக்கும்போது மேலே கம்பி இருக்கிறதா என்று ஓட்டுநர் பார்க்கத் தவறுவார். முப்பது அடிக் கம்பியை மாடிக்கு ஏற்றும் சித்தாள் பக்கத்தில் போகும் லைனைக் கவனிக்க மாட்டார். வீட்டுக்கும் தாழ்வழுத்தக் கம்பிக்கும் இடையே பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேல்நோக்கி 2.5 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். 11 கிலோவோல்ட் லைனுக்குப் பக்கவாட்டில் அதே 1.2, மேல்நோக்கி 3.7 மீட்டர். அவ்வளவு இல்லை என்றால் கடைக்கால் போடும் முன்பே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கொடுத்து லைனை நகர்த்தச் சொல்லுங்கள். செலவு நம்முடையது, ஆனாலும் தவிர்க்க முடியாதது. கான்கிரீட் போடும் நாளில் பம்பு வண்டியோ உயரமான லிப்ட்டோ வருகிறது என்றால், அந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தித் தரும்படி முன்கூட்டியே கேட்கலாம். கம்பி அறுந்து தொங்கினால் தொடாமல் விலகி நின்று மின்னகத்தை 94987 94987-ல் கூப்பிடுங்கள்.

பழனியின் நாள்காட்டி

மற்ற ஊர்களுக்கான கட்டட வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. நமக்குச் சரக்கு பெரும்பாலும் பழனியைத் தொட்டுத்தான் வருகிறது. திண்டுக்கல்லிலிருந்து வரும் 83-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில்தான் தைப்பூசத்துக்குப் பாதயாத்திரையாக வரும் லட்சக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். தைப்பூசம் பத்து நாள், பங்குனி உத்திரம் பத்து நாள். கார்த்திகையில் மாலை போடும் காலம் தொடங்கியதும் தை முதல் வாரம்வரை ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். இந்த நாட்களில் மாவட்டக் காவல் துறை போக்குவரத்தை மாற்றிவிடும், கனரக வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திவைக்கும். மாவட்டத்துக்குள்ளேயே கரிக்காலியில் சிமென்ட் ஆலை இருந்தாலும், அந்த வாரம் லோடு வந்து சேரும் நேரத்துக்கு யாரும் உறுதி தர முடியாது. மலையைச் சுற்றிய கிரிவலப் பாதையில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மார்ச்சிலிருந்து தனியார் வாகனங்களுக்கே தடை. குறுக்கு வழி என்று டிரைவர் அதை நம்பி வரக் கூடாது.

ஆகவே தளம் போடும் தேதியை மேஸ்திரியும் ஜோசியரும் மட்டும் குறிக்க விடாதீர்கள். தைப்பூச வாரத்தில் ரெடிமிக்ஸ் ஆர்டர் செய்தால், கலவை வழியிலேயே இறுகும் ஆபத்து உண்டு. கம்பி, சிமென்ட், எம்-சாண்டு எல்லாம் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே மனைக்குள் இருந்தால், உள்வேலையை நிறுத்தாமல் ஓட்டலாம். நம் ஊர் அகோபில வரதராஜப் பெருமாள் கோயில் திருவிழா நாட்களில் சுவாமி புறப்பாடு உள்ள தெருக்களை முழுக்கச் சுத்தமாக வைத்துக்கொடுங்கள். இதற்கு யாரும் உத்தரவு போடத் தேவையில்லை.

இடிபாடு எங்கே போகிறது

பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்களுக்கு இது தலைவலியான கேள்வி. கட்டட இடிபாடுகளுக்கென்று மத்திய அரசு 2016 மார்ச்சில் தனி விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி இடிபாட்டைச் சேகரிக்க இடம் ஒதுக்கி, அதை அப்புறப்படுத்த ஏற்பாடு செய்யும் கடமை உள்ளாட்சியுடையது. நாளொன்றுக்கு 20 டன், அல்லது ஒரு வேலையில் மாதம் 300 டன்னுக்கு மேல் இடிபாடு உண்டாக்குகிறவர் தரம்பிரித்துத் திட்டமும் தர வேண்டும் என்றும் அவை கூறின. 2025-ல் வந்த புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் செயல்பட அறிவிக்கப்பட்டவை. அவற்றின் கடுமையான பொறுப்புகள் 20,000 சதுர மீட்டர் கட்டுமானத்துக்கு மேற்பட்ட பெரிய திட்டங்களுக்கானவை. நம் ஊர் வீடுகள் அந்த அளவுக்குக் கிட்டவே வராது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டை அரைத்து மறுபடி பயன்படுத்தும் ஆலைகள் ஓடுகின்றன. பேரூராட்சிகளுக்கு அப்படி எதுவும் எட்டவில்லை.

அதனால் என்ன நடக்கிறது? டிராக்டர்காரர் "நான் பார்த்துக்கறேன்" என்று ஏற்றிப் போகிறார். எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. வாய்க்கால் கரையிலும் குளத்து ஓரத்திலும் கொட்டப்பட்டது ஒரு மழைக்குத் தண்ணீரை மடக்கி வயலில் ஏற்றுகிறது. நீர்நிலையில் கொட்டுவது குற்றம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. இங்கே நம்மால் முடிந்தது மூன்று: உடைந்த செங்கலையும் காரையையும் நம் பேஸ்மட்டத்துக்கே நிரப்புவது, கதவு, நிலை, ஓடு, கம்பியைத் தனியே எடுத்து விற்பது, மீதியை எங்கே கொட்டுகிறார் என்று டிராக்டர்காரரிடம் இடத்தைக் கேட்டு எழுதிக்கொள்வது. நான்காவது பேரூராட்சியின் கையில் இருக்கிறது: அந்த இடத்தை ஒதுக்கி அறிவிப்பது.

பேரூராட்சி எடுத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு

இவ்வளவையும் படித்தவருக்கு ஒன்று புரிந்திருக்கும். சுரங்கத் துறைக்குச் சீட்டு தெரியும், போக்குவரத்து அலுவலகத்துக்கு எடை தெரியும், மின்வாரியத்துக்குக் கம்பி தெரியும், காவல் துறைக்குத் திருவிழா தெரியும். இவர்களில் யாருக்கும் உங்கள் தெரு தெரியாது. தெருவைத் தெரிந்த ஒரே அலுவலகம் பேரூராட்சி. அதனால்தான் இந்த விஷயத்தின் மையம் அங்கே இருக்க வேண்டும் என்கிறேன்.

இது புதுக் கற்பனை ஒன்றும் இல்லை. லண்டனில் பெரிய கட்டடம் எழுப்ப அனுமதி கேட்கிறவர், சாமான் எந்த வழியில், எந்த நேரத்தில், எத்தனை வண்டியில் வரும் என்ற திட்டத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதை நகரின் போக்குவரத்து நிர்வாகம் கேட்டு வாங்குகிறது. ஸ்டாக்ஹோமில் ஹம்மார்பி ஷோஸ்டாட் என்ற புதுக் குடியிருப்பு எழுந்தபோது, பல கட்டடக்காரர்களின் சரக்கை ஒரே கிடங்கில் இறக்கிச் சிறு வண்டிகளில் பிரித்து அனுப்பினார்கள். நம் அளவுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. அனுமதி வாங்கிய ஒவ்வொருவரிடமும் மேலே தந்த மாதிரியைப் போல ஒரு பக்கத் தாள். கனரக வண்டி வரக் கூடாத தெருக்களின் பட்டியல் அலுவலகப் பலகையில். பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் லோடு இறக்கத் தடை. ஊருக்கு வெளியே லாரி நின்று சரக்கு மாற்ற ஒரு பொது இடம். இடிபாட்டுக்கு ஒரு இடம். இதற்குப் பெரும் நிதி வேண்டாம். மன்றத் தீர்மானம் ஒன்று போதும். கட்டுகிறவர் சிறு தொகையை வைப்பாகக் கட்டி, தெருவைப் பழையபடி ஒப்படைத்த பின் திரும்பப் பெறும் முறையும் வரலாம். தெருவை உடைத்தவர் யார் என்ற சண்டையே அதனால் ஓயும்.

உங்கள் வீட்டு வேலை தொடங்கும் முன் வார்டு உறுப்பினரைப் பார்த்து, சரக்கு மாற்ற இடம், இறக்கும் நேரம், இடிபாடு கொட்டும் இடம் ஆகிய மூன்றையும் அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள்நிரலில் வைக்கச் சொல்லி எழுத்தில் மனு கொடுங்கள். தெருவில் இன்னும் நாலு பேர் கையெழுத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.